திருமண் கலந்த வாணம்

என் அத்திம்பேர் வீரராகவன் எண்பத்தைந்தாம் வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து ரிட்டையர் ஆனார். மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டல் மாடியில் பிரிவு உபசாரம். ரோஜா மாலை, மைசூர்பாகு, ஒரு சுவர்க் கடிகாரம். பேச வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அவருடைய கையெழுத்தைப் புகழ்ந்தார்கள். முத்து முத்தான கையெழுத்தாம். ஒரு நாளும் லேட்டாக வந்ததில்லையாம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷனைப் பற்றிச் சொல்ல இவர்களுக்குக் கையெழுத்துதானா அகப்பட்டது?

மைக்கைப் பிடுங்கிப் பேசியிருப்பேன். அவர் மனைவியும் என் அக்காவுமான வைதேஹி என் வேஷ்டி நுனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். என் வாய் அவளுக்குத் தெரியும். மேடையில் சொல்ல விடாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

வீரராகவனைத் தெருவில் பார்த்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது. ஒடிசலான உடம்பு, நெற்றியில் பளிச்சென்று திருமண், தோளில் துணிப்பை. காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ், சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பல். இந்தச் சாதுவுக்கு ராக்கெட் பைத்தியம். தீபாவளிக்கு வாணம் விடுகிற எல்லோரும் அண்ணாந்து மேலே பார்ப்பார்கள். இவர் கீழே விழுந்த குச்சியைத் தேடிக்கொண்டு ஓடுவார். எரிந்துபோன காகிதக் குழாயை மூக்கருகே வைத்து முகர்வார். "ரொம்ப அவசரமா எரிஞ்சிருக்குடா கோபு" என்று சொந்தக்காரர் பிள்ளை கெட்டுப்போன மாதிரி வருத்தப்படுவார்.

தும்பாவில் ராக்கெட் விடுகிறார்கள் என்று பேப்பரில் அடிக்கடி வந்துகொண்டிருந்த காலம் அது. அத்திம்பேருக்கு நிலாவுக்கோ செவ்வாய்க்கோ போகிற ஆசையெல்லாம் இல்லை. அவருக்கு இருந்தது ஒரே கேள்வி. வாண மருந்தோடு எதைச் சேர்த்தால் எரிகிற வேகம் கூடும், எதைச் சேர்த்தால் குறையும்? இந்தக் கேள்வியோடு வடக்கு அடையவளஞ்சான் வீதி வீட்டின் பின்கட்டில், மாடு இல்லாமல் காலியாகக் கிடந்த கொட்டிலுக்குள் புகுந்தார். எழுபத்திரண்டில் புகுந்தவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் கிடந்தார். புருவம் இரண்டு முறை கருகி முளைத்தது. அக்கா போட்ட கட்டளை ஒன்றுதான். கொட்டிலிலிருந்து வந்தால் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

துணைக்கு வந்தவர் அதே ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த கிளமென்ட். பாலக்கரைக்காரர். மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிற கனத்த குரல். திருவிழாவுக்கு வருகிற வாணக்காரர்களோடு சின்ன வயதிலிருந்தே பழகியதால் மருந்தைத் தொடுகிற பயமும் பக்குவமும் அவருக்கு இருந்தன. "சார், இரும்பைக் கொண்டு தட்டாதீங்க. சார், அந்த பீடிக்காரனை வெளியே நிக்கச் சொல்லுங்க" என்று ஓயாமல் விரட்டுவார். அந்த விரட்டல் இல்லாவிட்டால் என் அக்கா இன்று சுமங்கலியாக இருக்க மாட்டாள் என்று நான் சொல்வதுண்டு. அவளும் மறுத்ததில்லை.

ஓர் ஓட்டின் மேல் மருந்தைக் கோடு மாதிரி மெல்லியதாகத் தூவி, ஒரு முனையில் பற்றவைப்பார்கள். நெருப்பு மறுமுனைக்கு எவ்வளவு நேரத்தில் போகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. கரியை மாற்றினால் வேகம் மாறியது. எருக்கங்குச்சிக் கரி சரசரவென்று ஓடியது. கொட்டாங்கச்சிக் கரி யோசித்து யோசித்து நகர்ந்தது. அரத்தில் ராவின இரும்புத்தூளான அரம்பொடி சேர்த்தால் பொறி அழகாகப் பறந்தது, வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சமையல் உப்புக் கலந்தால் நெருப்பு மஞ்சளாகி, மறுநாளே மருந்து ஈரம் வாங்கிக்கொண்டு சோர்ந்தது. விளக்கெண்ணெய் பட்டதோ, வெறும் புகைதான்.

கண் நெருப்பின் மேலேயே இருக்க வேண்டும் என்பதால் கடிகாரம் பார்க்க முடியாது. ஆளுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பாசுரம் தொடங்குவதற்கு முன்னால் ஆசாரியனை நினைத்துச் சொல்கிற தனியன் ஒன்றை அத்திம்பேர் முணுமுணுப்பார். கிளமென்ட் மங்கள வார்த்தை ஜெபம் சொல்வார். நெருப்பு முடிகிறபோது எத்தனையாவது தடவை என்று பார்த்துக்கொள்வார்கள். மாதக்கணக்கில் இவர் கணக்கும் அவர் கணக்கும் ஒத்துப்போகவில்லை. மெதுவாக எரிந்தது என்று இவர் சொல்ல, வேகமாக எரிந்தது என்று அவர் சாதிக்க, ஆபீஸ் கேன்டீன் வரைக்கும் சண்டை போனது. கடைசியில் நான்தான் ஓரமாக நின்று கவனித்துக் கண்டுபிடித்தேன். நெருப்பு பக்கத்தில் வர வர கிளமென்ட்டுக்கு பயம் வந்து ஜெபம் வேகமெடுக்கிறது. அத்திம்பேருக்கோ ஆனந்தம் வந்து தனியன் இழுபடுகிறது. நெருப்பு முடிந்ததும் இரண்டு பேரும் 'ஆச்சு' என்று குரல் மட்டும் கொடுப்பது, நான் என் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வது என்று ஏற்பாடாயிற்று. அதே தெரு முனையில் சைக்கிள் வாடகைக் கடை வைத்திருந்தவன் நான். மணிக்கணக்கு பார்ப்பதே என் தொழில்.

இப்படிப்பட்ட இடத்தில் நடக்கக் கூடாதது ஒன்று நடந்தது. அந்த வருஷ மழையில் வீட்டுக்குள் ஒழுகியது. மேல்கோட்டைக்கு யாத்திரை போன என் அப்பா வாங்கிவந்த திருமண் கட்டிகளை அக்கா பொடித்து, நனையாமல் இருக்கட்டும் என்று ஒரு ஜாடியில் போட்டுக் கொட்டில் அலமாரியில் வைத்துவிட்டாள். ஏகாதசி அன்று பட்டினி மயக்கத்தில் இருந்த அத்திம்பேர், வெடியுப்பு போதவில்லை என்று பக்கத்து ஜாடியிலிருந்து வெள்ளைப் பொடியை அள்ளி மருந்தில் கலந்துவிட்டார்.

சாயங்காலம் கொள்ளிடக் கரையில் அந்த வாணத்தை விட்டோம். வழக்கமாகச் சீறிப் பாய்ந்து, கண் சிமிட்டுவதற்குள் காணாமல் போகிற சாமான், அன்று நிதானமாக எழுந்தது. எழுந்து, போய்க்கொண்டே இருந்தது. பெரிய ஆபீசர் மாடிப்படி ஏறுகிற மாதிரி அவசரமே இல்லாமல் ஏறியது. கிளமென்ட் திறந்த வாயை மூடவில்லை. அத்திம்பேர் கை இரண்டையும் கூப்பிவிட்டார்.

காரணம் மறுநாள் காலையில், அவர் நெற்றிக்கு இட்டுக்கொள்ள ஜாடியைத் திறந்தபோது தெரிந்தது. பாதி ஜாடி காலி. அத்திம்பேர் ஜாடியும் கையுமாக ஓடிப்போய் அக்காவிடம் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

"கொள்ளிடத்துல வேற மண்ணே கிடைக்கலையா உங்களுக்கு?" என்றாள் அக்கா. "நெத்தியில தரிச்சுக்கற வஸ்துவை வெடிமருந்துல போட்டேளே!"

அவள் இரண்டு நாள் பேசவில்லை. அவர் பெருமாள் சந்நிதியில் போய் விழுந்து தண்டம் சமர்ப்பித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார். அத்தோடு விட்டாரா? மன்னிப்புக் கேட்ட கையோடு சோதனையில் இறங்கினார். ஆற்று வண்டல், சாக்கட்டி, கோலமாவு என்று எதை எதையோ கலந்து பார்த்தார். எரியாத பொடி எதுவாக இருந்தாலும் நெருப்பின் சூட்டைக் கொஞ்சம் தான் வாங்கிக்கொண்டு வேகத்தைக் குறைக்கிறது என்று புரிந்தது. ஆனால் திருமண் அளவுக்கு மை மாதிரி நைஸாக வேறு எதுவும் கலக்கவில்லை. எந்தப் பொடியானாலும் கூடிப்போனால் ஆபத்துதான். வாணம் எழும்பாமல் நின்ற இடத்திலேயே ஈர விறகு மாதிரி புகைந்தது. நாலு மாதம் கழித்து, தலையைச் சொறிந்துகொண்டு அக்கா முன்னால் போய் நின்றார்.

"கேட்டுட்டு எடுங்கோ. கேக்காம எடுத்தா திருட்டு" என்று ஒரு கட்டியை எடுத்துக் கொடுத்தாள். அவள் மனசு அப்படி.

வாணம் எவ்வளவு உயரம் போகிறது என்று அளக்க அத்திம்பேர் அதன் வாலில் நூல் கட்டிவிட ஆரம்பித்தார். வேகமாக எரிகிற வாணம் கிளம்புகிற உதறலிலேயே நூலை அறுத்துக்கொண்டு போய்விடும். திருமண் கலந்தது மட்டும் நூலை இழுத்துக்கொண்டே மேலே போகும். நூல் சிக்காமல் வர, அதை ஒரு முறத்தில் வளைவு வளைவாக இட்டுவைப்பார். நெருப்பில் கருகாமல் இருக்க, வாலை ஒட்டி ஒரு முழம் இரும்புக் கம்பி. தெருவில் எல்லோருக்கும் இது பெரிய கேலி. 'நத்தை வாணம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். டப்பென்று வெடிக்காத, பொறி பறக்காத, சோம்பேறி வாணத்தை எவன் மதிப்பான்?

அந்தக் கேலியைத் தாங்காமல்தான் எழுபத்தைந்தில் ஒரு தப்பு நடந்தது. கூட்டத்துக்குப் பொறி காட்டலாம் என்று அரம்பொடி நிறையக் கலந்த வேகமான வாணம் ஒன்றை விட்டார். அது சாய்ந்து போய், கொள்ளிடத்துப் படுகையில் வாழை பயிரிட்டிருந்த பிச்சமுத்துவின் வைக்கோல்போரில் விழுந்தது. போர் முழுக்க எரிந்து சாம்பலாயிற்று. பிச்சமுத்து கருகின வைக்கோலை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு எங்கள் தெருவுக்கே வந்து, வாசல் கோலத்தின் மேல் போட்டான்.

"என் மாடு இனி இதையா சாமி திங்கும்? இன்னொரு தரம் வாணத்தோட கரைப்பக்கம் வந்தீங்க, காலை ஒடிச்சிருவேன்!"

அத்திம்பேர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மறுநாளே இரண்டு வண்டி வைக்கோல் வாங்கி அனுப்பினார். அன்று சாயங்காலம் அக்கா அவரைப் பெருமாள் படத்துக்கு முன்னால் நிறுத்தி, இனி வாணத்தைக் கையால் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். மிச்சமிருந்த மூன்று வாணங்களையும் ஈரம் ஏறாமல் இருக்க ஒரு டால்டா டின்னில் போட்டு, வாயை மெழுகால் மூடி, பரணில் ஏற்றினார். தூக்கிப் போட மனசு வரவில்லை. கொட்டில் கூரையில் அக்கா அவரைக்கொடி ஏற்றினாள். இரண்டு வருஷம் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது என்று தெரியாமல் என் கடையில் வந்து உட்கார்ந்து, போகிற வருகிற சைக்கிளுக்கெல்லாம் காற்றடித்தார். பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

எழுபத்தேழில் தீபாவளி முடிந்த கையோடு அந்த மழை வந்தது. திருச்சியில் அன்று இருந்தவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ராத்திரியில் டவுன் பாதி தண்ணீருக்குள் போய்விட்டது. பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. தீபாவளி பட்சணம் வாங்கிக்கொண்டு போக வந்த கிளமென்ட் பாலக்கரைக்குத் திரும்ப முடியாமல் எங்கள் அக்கா வீட்டு ரேழியிலேயே தங்கிவிட்டார். காலையில் மழை கொஞ்சம் விட்டதும் நான் கொள்ளிடக் கரைக்குப் போனேன்.

கரையில் ஒரு கூட்டமே கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. படுகை முழுக்க ஆறாகிவிட்டது. நடுவில் ஒரு தென்னையும் அதை ஒட்டிப் பிச்சமுத்துவின் மோட்டார் ரூமும் மட்டும் தலை காட்டின. அதன் மொட்டை மாடியில் பிச்சமுத்து, அவன் மனைவி அங்கம்மா, பிரசவத்துக்கு வந்திருந்த மகள், அவள் மார்போடு அணைத்திருந்த பச்சைக் குழந்தை. குழந்தை பிறந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை. கரைக்கும் அவர்களுக்கும் நடுவில் நல்ல தெரு நீளம் தண்ணீர், பிடுங்கிய வாழைகளையும் மரங்களையும் உருட்டிக்கொண்டு ஓடியது. மோட்டார் ரூம் சுவரில் ஆள் கை நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல் விட்டிருந்தது.

பரிசல்காரர் பெரியண்ணன் துடுப்போடு தயாராகத்தான் நின்றார். "ஒரு கயிறு அந்தாண்ட போயிட்டா அதைப் புடிச்சிக்கிட்டே போயிருவேங்க. கயிறு இல்லாம எறங்கினா நேரா கல்லணைதான். அவங்களையும் பாக்க முடியாது, என்னையும் பாக்க முடியாது" என்றார். பையன்கள் கல்லில் நூல் கட்டி எறிந்து பார்த்தார்கள். பாதிகூடப் போகவில்லை. போலீசுக்கும் தீயணைப்புக்கும் ஆள் போயிருந்தது. டவுனே மிதக்கிறபோது அவர்கள் எப்போது வந்து சேர்வது?

நான் வீட்டுக்கு ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னேன். அத்திம்பேர் உடனே பரணைப் பார்த்தார். அப்புறம் பெருமாள் படத்தைப் பார்த்தார். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அவரைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அதற்குள் அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினாள். டின்னை இறக்கி அவர் கையில் வைத்தாள்.

"சத்தியம் வாங்கினவ நான். நானே விடுவிக்கறேன். பெருமாள் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். ஓடுங்கோ!"

"கயிறு வேணுமே வைதேஹி. ஒரு கயிறு போறாது, பத்து இருபது கயிறு வேணும்."

"நீங்கோ போங்கோ, நான் கொண்டு வரேன்."

அவள் எங்கே போனாள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. வீடு வீடாகப் போய்க் கிணற்றுக் கயிறுகளை அவிழ்த்திருக்கிறாள். எங்கள் தெருவில் அப்போதெல்லாம் கிணற்றுக் கயிறு என்றால் லேசுப்பட்டதில்லை. மடியாகத் தீர்த்தம் எடுக்கிற கயிறு. வெளி மனுஷர் கை பட்டால் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் கயிறு போடுவார்கள். அக்காவே அதில் ரொம்பக் கறார். அவளே வாசலில் வந்து நின்று, "மாமி, கொள்ளிடத்துல ஒரு பச்சைக் கொழந்தை மாட்டிண்டிருக்கு, கயிறைக் கொடுங்கோ" என்றதும் ஒரு வீட்டில்கூட மறுபேச்சு வரவில்லையாம். கயிறுகளை மாலை மாலையாகத் தோளில் போட்டுக்கொண்டு, பின்னால் நாலு மாமிகளோடு, சேற்றில் அவள் வந்ததை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

கரையில் டின்னைத் திறந்தோம். உள்ளே பொட்டு ஈரம் இல்லை. வேகமான வாணம் ஒன்று, திருமண் கலந்தது இரண்டு. பெரியண்ணன் வலை பின்ன வைத்திருந்த நைலான் நூலை கிளமென்ட் முறத்தில் வளைவு வளைவாக இட்டார். காற்று பலமாக அடித்தது. கூட்டத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் "வேகமானதை விடுங்க, நத்தை வாணம் காத்துக்கு நிக்காது" என்று கத்தினார்கள். அத்திம்பேரும் தடுமாறினார். தகரக் குழாயைச் சாய்த்துப் பிடித்து முதலில் வேகமானதையே விட்டார். அது சீறிக்கொண்டு போய்க் கூரைக்கும் அப்பால் விழுந்தது. நூல் கிளம்பின இடத்திலேயே அறுந்து எங்கள் காலடியில் கிடந்தது.

"எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கேட்டேன்" என்று பல்லைக் கடித்தார் அத்திம்பேர். அதற்கப்புறம் அவர் யார் பேச்சையும் கேட்கவில்லை. குழாயைக் காற்று வருகிற பக்கம் கொஞ்சம் திருப்பினார். திருமண் வாணத்தை வைத்துப் பற்றவைத்தார். எழுந்தது பாருங்கள்! அதே பழைய நிதானம். முறத்தில் இருந்த நூல் ஒவ்வொரு வளையமாக எழும்பி அதன் பின்னால் போயிற்று. காற்று தள்ளத் தள்ள வளைந்து போய், மோட்டார் ரூம் மாடியின் குறுக்கே நூலைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் தண்ணீரில் விழுந்தது. நாங்கள் எல்லோரும் குதித்தோம்.

பிச்சமுத்து நூலை எடுக்கவில்லை. வாணம் வருகிறதைப் பார்த்ததுமே அந்த மனுஷன் மகளையும் குழந்தையையும் கட்டிக்கொண்டு குப்புறக் கவிழ்ந்துவிட்டான். வைக்கோல்போரைப் பறிகொடுத்தவனுக்கு வாணம் என்றால் வேறென்ன தோன்றும்? நாங்கள் "புடி! புடி!" என்று தொண்டை கிழியக் கத்தியது ஆற்று இரைச்சலில் ஓர் எழுத்துகூடப் போய்ச் சேரவில்லை. கிளமென்ட்டின் கோயில் குரலும் எடுபடவில்லை. நூல் வழுக்கிக்கொண்டே போய்த் தண்ணீரில் விழுந்தது. ஒரு மரம் அதை இழுத்து அறுத்துக்கொண்டு போயிற்று. சுவரின் மூலையிலிருந்து ஒரு பாளம் சரிந்து விழுந்ததைக் கரையிலிருந்து எல்லோரும் பார்த்தோம்.

பாக்கி ஒரே ஒரு வாணம். அந்த நேரத்தில்தான் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்குப் போனாள். மேடாக இருந்த ஓர் இடத்தில் ஏறி நின்றாள். கையில் இருந்த கயிற்றை உயரத் தூக்கிக் காட்டினாள். அப்புறம் கிணற்றில் நீர் இறைக்கிற மாதிரி, கை மாற்றிக் கை மாற்றி, குனிந்து நிமிர்ந்து இழுத்துக் காட்டினாள். மறுபடி வானத்தைக் காட்டினாள். மறுபடி இறைத்தாள். புடவை நனைந்து, தலை அவிழ்ந்து, தெருவே பார்க்க, என் அக்கா இல்லாத கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டே இருந்தாள்.

முதலில் புரிந்துகொண்டது அங்கம்மாதான். எழுந்து நின்றாள். அவளும் அதே மாதிரி இரண்டு தடவை இறைத்துக் காட்டினாள். புருஷனை முதுகில் ஒரு தட்டு தட்டி எழுப்பினாள்.

"இப்ப விடுங்கோ!" என்று அக்கா திரும்பிக் கத்தினாள்.

அத்திம்பேர் மிச்ச நூலையெல்லாம் முறத்தில் இடவைத்து, வாலில் கம்பியை முடிந்து, குழாயைப் பிடித்தார். கிளமென்ட் அந்தப் பக்கம் ஜெபத்தை ஆரம்பித்தார். அத்திம்பேர் இந்தப் பக்கம் தனியன். நான் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் தெரிந்த வரைக்கும் சொன்னேன். வாணம் புகைந்தது. புகைந்துகொண்டே நின்றது. அப்புறம் நகர்ந்தது. குழாயை விட்டு வெளியே வந்து, எங்கள் தலைக்கு மேலே, ஒரு துளி அவசரம்கூட இல்லாமல் தண்ணீரைக் கடந்து போயிற்று. நூல் அறவில்லை. ஒரு காற்று அதைப் பக்கவாட்டில் அடித்தது. இன்னும் மருந்து மிச்சம் இருந்ததால் அது முட்டிக்கொண்டு மேலே ஏறியது. வேகமான வாணமாக இருந்தால் அந்த இடத்துக்கு வருமுன்பே எரிந்து தீர்ந்திருக்கும். மாடியைத் தாண்டி விழுந்தது. அங்கம்மா பாய்ந்தாள். நூல் அவள் கையில்!

கரையில் எழுந்த சத்தம் ராஜகோபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். அங்கம்மா இறைத்தாள். நூலின் பின்னால், துணி உலர்த்துகிற கொடிக்கயிறு போயிற்று. கொடிக்கயிற்றின் பின்னால் எங்கள் தெருக் கிணற்றுக் கயிறுகள், ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டவை, ஊர்ந்து போயின. பிச்சமுத்து மாடியிலிருந்தே எட்டி, மோட்டார் ரூமை ஒட்டி நின்ற தென்னையில் கயிற்றை இறுக்கிக் கட்டினான். இந்தப் பக்கம் இலுப்பை மரத்தைச் சுற்றி, அதற்கும் மேல் இருபது முப்பது பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பட்டாச்சாரியாரும் பிடித்தார், பால்காரரும் பிடித்தார். பெரியண்ணன் பரிசலில் ஏறி, கயிற்றைக் கையால் பற்றிப் பற்றி நகர்ந்தார்.

முதல் நடையில் மகளும் குழந்தையும் அங்கம்மாவும் வந்தார்கள். இரண்டாவது நடையில் பிச்சமுத்து. அவன் பரிசல் பாதி வழி வந்திருக்கும்போது மோட்டார் ரூம் அப்படியே உட்கார்ந்தது. ஒரு சத்தம்கூட இல்லை. இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் சுழித்தது. கயிறு தென்னையில் இருந்ததால் தாங்கியது.

ஆனால் கயிற்றைப் பிடித்திருந்த எங்களைத் தவிரக் கரையில் யாரும் அதைப் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் அந்தக் குழந்தையைச் சுற்றி நின்றார்கள். "விடியக்காலத்துலேருந்து அழவே இல்லீங்க. பாலும் குடிக்கல" என்று அந்தப் பெண் அழுதாள். குழந்தை விறைத்து, உதடு நீலமாகக் கிடந்தது. அக்கா அதை வாங்கினாள். ஈரத் துணியை உருவி எறிந்தாள். கிளமென்ட் தன் சட்டையைக் கழற்றி, உள்பக்கம் காய்ந்திருந்த பனியனையும் கழற்றிக் கொடுத்தார். அதில் சுற்றித் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டு, அக்கா முதுகையும் பாதத்தையும் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிச்சமுத்து கரையேறி வந்து, அத்திம்பேர் பக்கத்தில் நின்றான். இரண்டு பேரும் அக்காவின் கையையே பார்த்தார்கள்.

முதலில் ஒரு விக்கல். அப்புறம் ஒரு முனகல். அப்புறம் அந்தச் சின்ன ஜீவன் வாயைத் திறந்து போட்ட கூச்சலில் ஆற்றுச் சத்தமே அமுங்கிவிட்டது. அங்கம்மா தரையில் விழுந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிச்சமுத்து அத்திம்பேரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "சாமி, சாமி" என்று குலுங்கிக் குலுங்கி அழுதான். கரி படிந்த இரண்டு கையாலும் அவனைக் கட்டிக்கொண்டு அத்திம்பேரும் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"கொழந்தை அழறதேடி வைதேஹி, போறும், சமாதானப்படுத்து" என்று யாரோ ஒரு மாமி சொன்னாள்.

"வேண்டாம்" என்றார் அத்திம்பேர். "அழட்டும். நன்னா உரக்க அழட்டும். நான் கேக்கணும்."